முன் கார்புரேட்டரில் பேசுகிறவர்கள்

நாச்சிமுத்துவின் காருக்குள் ஊரைவிட்டுப் போனவர்களும் உலகத்தைவிட்டுப் போனவர்களும் பேச ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், குழாயில் நல்ல தண்ணீர் வந்து நின்ற பிறகு, எதிர்வீட்டு மரகதம் இட்லி மாவை ஆட்டி முடித்துக் கைகழுவிக்கொண்டிருந்த நேரத்தில். அன்றைக்கு வானத்தில் ஒரு விசேஷமும் இல்லை, தெருநாய்கூட எழுந்து பார்க்கவில்லை. ஒண்டிப்புதூர் தாண்டி, மூடிப்போன பஞ்சாலையின் பின்சுவரை ஒட்டிப் போகிற அந்தத் தெருவில் எது நடந்தாலும் அப்படித்தான் நடக்கும், அடுப்பில் வைத்த பால் யாரும் பார்க்காத நேரம் பார்த்துப் பொங்கி வழிகிற மாதிரி.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதை விட்டுவிட்டால் நாச்சிமுத்துவைப் பற்றிச் சொல்ல அதிகம் மிச்சமிருக்காது. இங்கிலாந்தில் செய்த ட்ரையம்ப் ஸ்போர்ட்ஸ் கார் அது, கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கை, கதவு எவ்வளவு தாழ்வு என்றால் உட்கார்ந்தபடி கையைத் தொங்கவிட்டால் ரோட்டைத் தொடலாம். மில் முதலாளியின் மகன் இளவயதில் ஓட்டித் திரிந்துவிட்டுப் பஞ்சுக் கிடங்கில் போட்டுவைத்திருந்தான், அதில் கோழிகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து மூன்று நான்கு தலைமுறை கண்டிருந்தன. மில்லை மூடிக் நூல் சுற்றுகிற கடைசிக் கதிர்வரை ஏலம் போட்டபோது அந்தக் காரை யாரும் சீந்தவில்லை. பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த நாச்சிமுத்துதான் ஒரு டெம்போவின் பின்னால் கயிறு கட்டி அதை வீட்டுக்கு இழுத்துவந்தார். அவர் மனைவி சுலோச்சனா வாசலில் ஆரத்தி சுற்றினாள், கோழி எச்சத்தின் மேலேயே ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். “ரெண்டு பேருக்குத்தானுங்க எடம், நமக்கு அது போதும்” என்று சிரித்தாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை, அதை அவள் சிரித்துக்கொண்டு சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் நாச்சிமுத்து காரைப் பிரித்தார். அந்த வண்டியின் நட்டுகளுக்கு நம்மூர் ஸ்பேனர் எதுவும் பொருந்தாது என்று தெரிந்ததும் ஸ்பேனரையே லேத்தில் கடைந்து செய்துகொண்டார், பிறகு பூட்டினார், வண்டி ஓடியது, ஓடியதும் அதன் சத்தத்தில் ஒரு குறை கேட்டது, மறுபடியும் பிரித்தார். பிரேக் பிடித்தது, இன்னும் நன்றாகப் பிடிக்கலாமே என்று பிரித்தார். சூடு ஏறாமல் ஓடியது, நம்மூர் சித்திரை வெயிலுக்கு இது போதாது என்று ரேடியேட்டரைக் கழற்றிக் கோர்ட்டு மாதிரி விசாரணை வைத்தார். வெள்ளைக்காரன் வைத்தபடி வைத்திருக்க வேண்டும் என்பது ஒரு ஆசை, வெள்ளைக்காரனுக்கே தோன்றாத விதத்தில் அதைத் திருத்த வேண்டும் என்பது இன்னொரு ஆசை, இரண்டு ஆசைக்கும் நடுவில் வண்டி ஷெட்டில் மேடை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. தெருமுனையில் ரபீக் பாயின் டீக்கடை வரைக்கும் போனதுதான் அது போன அதிக தூரம். தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு பந்தக்கால் சரியா என்று பார்க்கப் போகிற மாப்பிள்ளை என்று தெருவில் அவரைக் கேலி செய்தார்கள்.

சுலோச்சனா பஸ்ஸிலேயே கல்யாணங்களுக்குப் போனாள், பஸ்ஸிலேயே சாவுக்குப் போனாள், ஆடிப்பெருக்குக்கும் பஸ்தான். ஒருநாள் மத்தியானம் அடுப்படிக்குப் போனவள் அங்கே கியர்பாக்ஸ் எண்ணெய் வடிய உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஷெட்டில் இடமில்லையாம். அவள் பையில் துணி வைத்தாள். பானட்டுக்குள் இருந்த தலையிடம் சொன்னாள்: “நான் கோபிக்குத் தம்பி வீட்டுக்குப் போறேன். வண்டி ஓடறப்ப அதுல வந்து கூட்டிட்டுப் போங்க.”

வேறு எந்த ஆளாக இருந்தாலும் மறுநாள் விடிந்ததும் கோபி பஸ்ஸைப் பிடித்திருப்பான். நாச்சிமுத்து அதை வேலை உத்தரவாக எடுத்துக்கொண்டார். பம்ப் கம்பெனியில், ஓடுகிற பம்பைத்தான் அனுப்ப வேண்டும் என்றால் ஓடாததை யாரும் வண்டியில் ஏற்ற மாட்டார்கள், அந்த ஒழுக்கத்திலேயே ஆயுசு பூராவும் கழித்தவர் அவர். அதனால் இரவும் பகலும் வண்டியைச் செய்தார், வருஷங்கள் போயின, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் பேசுவார்கள். “வண்டி எப்படி இருக்குதுங்க?” என்பாள். “இன்னும் கொஞ்சந்தான்” என்பார். “சரிங்க” என்பாள். பேசி முடித்த பிறகு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு அவள்மேல் பிரியம் இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். அவள் இல்லாத அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல்தான் அந்த மனிதர் ஷெட்டில் டூல்ஸ் பெட்டிமேல் தட்டை வைத்து, காரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அந்த வண்டிக்கு இரண்டு கார்புரேட்டர், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் ஒரே அளவு காற்றை உறிஞ்சினால்தான் இன்ஜின் குலுங்காமல் ஓடும். அதைப் பார்ப்பதற்கு ஒரு ரப்பர் ட்யூப் போதும். இன்ஜினை ஓடவிட்டு, ட்யூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயில் காட்டினால் காற்று ‘உஸ்’ என்று போவது கேட்கும், முன்னால் கேட்கிற உஸ்ஸும் பின்னால் கேட்கிற உஸ்ஸும் ஒன்றாகும்வரை திருகைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பெனி இரைச்சலில் நாச்சிமுத்துவின் காது மந்தமாகிவிட்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை, புகை மாவின்மேல் படிகிறது என்று சண்டைபிடிக்க வந்த மரகதத்தின் கையில் அவர் ட்யூபைக் கொடுத்தார்.

“மரகதம், சித்தெ இதைக் காதுல வச்சு, ரெண்டும் ஒரே சத்தமான்னு சொல்லு.”

மரகதம் வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். “முன்னால எங்க தங்கவேலு பேசறானுங்கண்ணா” என்றாள். தங்கவேலு அவள் தம்பி, லாரியில் கிளீனராகப் பம்பாய்க்குப் போனவன், போனவன்தான். “ஊறுகாய்க்கு உப்புப் பத்தலைங்கறான்.”

“அது இருக்கட்டும். பின்னால?”

“பின்னால வெறுங் காத்துதானுங்க.”

“அப்ப ரெண்டும் ஒண்ணா இல்ல” என்று நாச்சிமுத்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

மரகதம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “சித்தெ அதைத் தொடாதீங்கண்ணா. அவன் இன்னும் பேசிட்டிருக்கறான்.”

மாவு புளிப்பதற்குள் சேதி தெரு முழுக்கப் போய்விட்டது. சாயங்காலம் ரபீக் பாய் வந்தார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், இறந்துபோன அவர் மனைவி டீயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுவதற்காக அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போன மகனைக் கேட்டவர்கள் உண்டு, பிரசவத்தில் செத்த அக்காவைக் கேட்டவர்கள் உண்டு, அடுத்த தெருவில் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிற அண்ணனைக் கேட்டவர்களும் உண்டு, ஏனென்றால் கார்புரேட்டர் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கவில்லை. பேசியவர்கள் யாரும் பெரிய விஷயம் பேசவில்லை. சொத்து எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை, மேலுலகம் எப்படி என்று சொல்லவில்லை. கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்றார்கள், பல்வலி என்றார்கள், முருங்கைக்காய் முற்றல் என்றார்கள். கேட்டவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தார்கள்.

எந்த அதிசயமும் நாலு நாள் தாண்டினால் அதற்கு ஒரு நேரமும் வரிசையும் வந்துவிடும். காலையில் பெண்கள், பொழுது சாய்ந்து ஆண்கள் என்று ஆனது. வருகிறவர்கள் வெறுங்கையோடு வரக்கூடாது என்று பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்தார்கள். கேட்கிறவர் யாரைக் கேட்டார் என்று கேட்கக்கூடாது என்பதை யாரும் சட்டம் போடாமலே எல்லோரும் கடைப்பிடித்தார்கள். ஒருவர் மட்டும் ட்யூபில் வாயை வைத்துப் பதில் பேசிப் பார்த்தார், இன்ஜின் இருமி நின்றுவிட்டது, அதிலிருந்து கேட்பது மட்டும்தான் நம் பாத்தியதை என்று ஊர் தெரிந்துகொண்டது. சவுண்டு சர்வீஸ் பொன்னுச்சாமி மைக்கை வைத்து ஸ்பீக்கரில் விட்டால் எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்கலாமே என்று யோசனை சொல்லி, குழாய் ஸ்பீக்கரைத் தூக்கிவந்து கட்டினார். ஸ்பீக்கரில் வெறும் இன்ஜின்தான் இரைந்தது, மில் மறுபடியும் திறந்துவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்ததுதான் மிச்சம். கோயில் பூசாரி இது நல்லதுக்கில்லை என்றார். ஒரு மத்தியானம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவரும் வந்து கேட்டுவிட்டுப் போனார், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

நாச்சிமுத்துவும் கேட்டார். முதல்நாளே கேட்டார், எல்லோரும் போன பிறகு, முன்னாலும் வைத்துக் கேட்டார், பின்னாலும் வைத்துக் கேட்டார், மந்தமான காதில் வைத்தார், அதைவிட மந்தமான காதில் வைத்தார். காற்றுதான். கோபியில் இருக்கிறவள் ஒரு வார்த்தை, “சரிங்க” என்று ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று நின்றார். உஸ் என்று சுத்தமான காற்று, எந்த மெக்கானிக்கும் குறை சொல்ல முடியாத காற்று. ஊரில் எல்லோருக்கும் ஒருவர் இருந்தார், வண்டியைப் பெற்று வளர்த்தவருக்கு மட்டும் யாரும் இல்லை. அவர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

ஆனால் ஒன்று நடந்திருந்தது. பண்டிகைக்குக்கூட யாரும் எட்டிப்பார்க்காத ஷெட்டில் இப்போது நாள் முழுக்க ஆள் இருந்தார்கள். கம்மங்கூழ் வந்தது, தூக்குப்போசியில் பருப்பு வந்தது, வரிசையில் நிற்கிறவர்கள் அவர் இருமலுக்குக் கஷாயம் சொன்னார்கள். மற்றவர்களின் காதில் ட்யூபை வைத்துவிட்டு அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பதிலேயே அவர் பொழுது போனது, பலகாரக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்பவனுக்கு வாசனையாவது கிடைப்பது போல. ஆட்கள் போனதும் ஷெட் முன்பு இருந்ததைவிட வெறுமையாக இருந்தது. அந்த வெறுமை அவரைத் தின்றது.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும், அவருக்கு மட்டுமே தெரியும். இரண்டு கார்புரேட்டரும் ஒத்துப்போகாத அந்த இடைவெளியில்தான் குரல்கள் இருந்தன. திருகை அரைச் சுற்றுச் சுற்றினால் இன்ஜின் பட்டுப்போல ஓடும், கோபி என்ன, கொல்லிமலைக்கே போகலாம். சுற்றாவிட்டால் ரயில்வே கேட் தாண்டுவதற்குள் குலுங்கி நின்றுவிடும். வேறு ஒரு வேலையும் பாக்கியில்லை. பிரேக் சரி, ரேடியேட்டர் சரி, சீட்டு தைத்தாகிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வண்டியில் அவருக்கு ஒரே ஒரு குறைதான் மிச்சமிருந்தது. அதைத் தீர்த்தால் பெண்டாட்டியைக் கூட்டிவரலாம், தீர்த்தால் தெருவுக்குக் கேட்கிற குரல்களெல்லாம் அடங்கிப்போகும்.

ஒரு விடியற்காலை சுற்றிவிட்டார். இன்ஜின் அப்படி ஓடியது, பானட்டின்மேல் டம்ளரில் தண்ணீர் வைத்தால் அசையாது. அவர் கோபிக்குப் புறப்பட வெள்ளைச் சட்டையைக்கூட எடுத்து மாட்டிக்கொண்டார். அதற்குள் ரபீக் பாய் கடை திறக்கிற வழியில் வந்துவிட்டார், ட்யூபை வாங்கிக் காதில் வைத்தார், வைத்தபடியே நின்றார். பிறகு ட்யூபை மடித்து நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தார். “இன்னைக்கு அவளுக்கு வேலை போலிருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ரபீக் பாய் கடையில் யாருடைய டீயிலும் சர்க்கரை இல்லை, ஏன் என்று கேட்கும் தைரியமும் யாருக்கும் இல்லை. நாச்சிமுத்து வெள்ளைச் சட்டையைக் கழற்றினார், திருகை அரைச் சுற்றுப் பின்னால் சுற்றினார்.

சுலோச்சனா வந்தது அதற்கப்புறம், ஒரு புதன்கிழமை காலை பெண்கள் வரிசையில். அவர் பார்க்கவில்லை. கையை நீட்டியவளிடம் ட்யூபைக் கொடுக்கும்போதுதான் அந்தக் கை யாருடையது என்று தெரிந்தது. இளைத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற மரகதம் மற்றவர்களை ஜாடை காட்டி வாசல்வரை தள்ளிக்கொண்டு போனாள்.

“கோபி வரைக்கும் பேசிக்கறாங்க” என்றாள் சுலோச்சனா. “ஒண்டிப்புதூர்ப் பக்கம்னாங்க. இறங்கி வழி கேட்டா நம்ம வீட்டையே காட்டறாங்க.”

“வண்டி ஆயிருச்சு, சுலோச்சனா” என்றார். “இன்னும் கொஞ்சந்தான்.”

“சரிங்க. மொதல்ல நான் கேட்டுக்கறேன்.”

அவள் ட்யூபைக் காதில் வைத்தாள். அவர் மறுமுனையை முன் கார்புரேட்டரின் வாயில் காட்டினார். அவள் அம்மா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாயிற்று, அந்த அம்மாதான் பேசும் என்று நினைத்தார். சுலோச்சனாவின் முகம் மெல்ல இளகியது, உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது, கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு அது. அதை அவளுக்குக் கொடுத்தது யார் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஊரே கடைப்பிடித்த வழக்கத்தை அவர் மீறினார்.

“யாரு, அத்தையா?”

“இல்லீங்க. நீங்க.”

“நாந்தான் இங்க நிக்கறனே.”

“ஆமாங்க” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

“என்ன சொல்றேன்?”

“தட்டப்பயித்தங் கொழம்பான்னு கேக்கறீங்க. வாசனையிலயே கண்டுபிடிச்சுட்டீங்களாம். பூ வாங்கிட்டு வந்திருக்கறீங்களாம், கையைப் பின்னால வச்சுக்கிட்டு எந்தக் கைன்னு கேக்கறீங்க.” பிறகு அவரைக் கேட்டாள். “உங்களுக்கு யாருங்க பேசறாங்க?”

இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை அவர் சொன்னார். “எனக்குக் காத்துதான் வருது.”

சுலோச்சனா அதில் ஆச்சரியப்படவில்லை. “நான் பேசுனப்பல்லாம் உங்க தலை பானட்டுக்குள்ள இருந்துச்சுங்க. அப்பவும் காத்துதான் கேட்டிருக்கும்” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

நாச்சிமுத்து சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தெரிந்த இடத்தில் ஆரம்பித்தார்.

“அரைச் சுத்துதான், சுலோச்சனா. இந்தத் திருகை அரைச் சுத்து சுத்துனா வண்டி ஓடும். ஊர்ல என்ன வேணாலும் சொல்லிக்கட்டும். இப்பவே சுத்திடறேன், உன்னை உக்கார வச்சு எங்க வேணாலும் கூட்டிட்டுப் போறேன்.”

அவள் ட்யூபைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அறுந்துபோனவர்கள் பார்ப்பது மாதிரி அவரைப் பார்த்தாள்.

“ஏனுங்க நிறுத்திட்டீங்க? பாதியில நிக்குது.”

“எங்கிட்டயே கேளேன். நான் சொல்றேன்.”

சுலோச்சனா அவரை உச்சந்தலையிலிருந்து எண்ணெய் படிந்த கால்வரை பார்த்தாள். இரக்கத்தோடுதான் பார்த்தாள். அந்த முகத்தில் அவள் எதையோ தேடினாள் என்பதும், அது அங்கே இல்லை என்பதும் அவருக்குப் புரிந்தது.

“அந்தத் திருகைத் தொடாதீங்க” என்றாள். “ஸ்டார்ட் பண்ணுங்க. சாயங்காலம் எனக்கு பஸ் இருக்குது.”

அவர் முன்னால் போய், கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற ஹேண்டிலை மாட்டினார். முதல் சுற்றில் இன்ஜின் பிடிக்கவில்லை, இரண்டாவது சுற்றில் தோள்பட்டை சுளுக்கியது, அடுத்த சுற்றில் பிடித்துக்கொண்டு வழக்கம்போலக் குலுங்கி ஓடியது. அவர் வந்து ட்யூபின் முனையை முன் கார்புரேட்டரில் காட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், அந்தச் சிரிப்பு விட்ட இடத்திலிருந்து திரும்பி வந்தது. அதைப் பார்த்ததும் நாச்சிமுத்துவுக்குப் பல வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்க வேண்டும் போல இருந்தது, கேட்டும்விட்டார்.

“சாப்பிட்டியா, சுலோச்சனா?”

அவள் கண்ணைத் திறக்காமல் கையை உயர்த்தி அவரை அடக்கினாள்.

“சித்தெ பேசாம இருங்க. நீங்க பேசறது கேக்கல.”

நாச்சிமுத்து ட்யூபின் முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.